சேலத்திலிருந்து நாலு பேர் பீர் ருசி பார்க்கக் கிளம்பினால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறீர்கள். நண்பர்கள் நான்கு பேர், எல்லோரும் முப்பதை ஒட்டிய வயது. டாஸ்மாக்கில் கிடைக்கும் 650 மில்லி பாட்டிலைத் தவிர வேறு பீர் அறிமுகமில்லை. பெங்களூரில் சொந்தமாகக் காய்ச்சி ஊற்றும் சின்ன ப்ரூவரி ஒன்றுக்குப் போய் வகைவகையாக ருசி பார்க்க ஆசை. என்ன வாங்குவது, எப்படி ருசிப்பது, காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றே திரும்பாதீர்கள். ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். காரணத்தைப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நான் ஏழு வருடம் பெங்களூரில் ஒரு ப்ரூவரியின் டேங்க் அறையில் வேலை பார்த்தேன். இப்போது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் நாக்கையும் மூக்கையும் நம்பித்தான் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தப் பயணத்தின் பாதி வேலை சேலத்திலேயே, உங்கள் வீட்டு அடுப்படியிலேயே முடிகிறது. ருசி பார்க்கப் பழகாத நாக்கோடு போனால் ஆறு வகை பீரும் "நல்லா இருக்கு" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். அதற்கு இருநூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே இப்படி ஓர் இடம் ஏன் இல்லை என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் சிறிய ப்ரூவரிக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே வரவில்லை. வீட்டில் காய்ச்சுவதும் சட்டப்படி குற்றம், அந்த யோசனையே வேண்டாம். இந்த விஷயத்தில் சேலத்துக்குத் தனிச் சரித்திரமே உண்டு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அவர் சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1971-ல் விலக்கு தளர்ந்தது, 1974-ல் மறுபடி வந்தது, பிறகு மீண்டும் தளர்ந்து 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நின்றன. மது நம் வீடுகளில் அழித்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் குறைவாக, கவனமாக, பகல் வெளிச்சத்தில், சாப்பிட்டுவிட்டு ருசி பார்ப்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சரி, அடுப்படிக்கு வருவோம். மால்ட் என்றால் என்ன என்று பலருக்குக் குழப்பம். குழந்தைக்குக் கொடுக்கும் ராகி மால்ட் தெரியும்தானே? கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பார்கள். பார்லியை அதே மாதிரி செய்தால் அதுதான் பீருக்கான மால்ட். முளைகட்டிய கேழ்வரகு கொஞ்சம் வாயில் போட்டு நிதானமாக மென்று பாருங்கள். முதலில் மாவு, அப்புறம் பச்சை வாசம், கடைசியில் ஓர் இனிப்பு வரும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. ப்ரூவரியில் அரைத்த மால்ட்டை ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதும் இதற்காகத்தான். வடித்தெடுக்கும் இனிப்புச் சாற்றை, கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் மீதி வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஈஸ்ட்டைப் புரிந்துகொள்ள இட்லி மாவு போதும். சேலத்துச் சித்திரை வெயிலில் ராத்திரி கரைத்த மாவு விடியும் முன்னே பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். ஏற்காட்டில் டிசம்பரில் அதே மாவு அசையாது. என் அம்மா பாத்திரத்துக்குப் பழைய கம்பளியைச் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பாள். அதே அரிசி, அதே உளுந்து. குளிரில் நிதானமாகப் புளித்த மாவின் வாசம் மட்டும் வேறு. பீரிலும் இந்தக் கணக்குதான் முதல் பிரிவினை. ஏல் வகை ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் வேகமாக வேலை செய்து பழ வாசனைகளை விட்டுப்போகும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக நொதிக்கும், பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே தெளியும். அதனால் லாகர் சுத்தமாக, ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். செய்த தப்பை மறைக்க அதில் எந்த வாசனையும் கிடையாது. ஒரு ப்ரூவரியின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் நான் முதலில் கேட்பது அவர்களுடைய சாதா லாகரைத்தான்.

போவதற்கு முன் ஒரு வாரம், தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டோடு ஒரு கிராம்பை நசுக்கி, ஒரு டம்ளரில் போட்டு மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபவைசனின் வாசம் ஏறக்குறைய அதுதான். அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. பாதிக்கு மேல் கோதுமை மால்ட் போட்ட அந்த பீரில் ஈஸ்ட் தானாக உண்டாக்கும் வாசனைகள் அவை. மறுநாள் கொத்தமல்லி விதையை லேசாக வறுத்து இடித்து, ஆரஞ்சுத் தோலோடு வையுங்கள். ஏற்காட்டு ஆரஞ்சு கிடைக்கும் காலமானால் இன்னும் நல்லது. பெல்ஜியத்தின் விட்பியர் அந்த வாசம். இதில் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுவார்கள். மூன்றாம் நாள் சர்க்கரை போடாத கறுப்புக் காபி. கருக வறுத்ததும் இளம் வறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். ஸ்டவுட் பீரின் கறுப்பு, வறுத்த பார்லியிலிருந்து வருவது. காபிக் கொட்டையில் எந்த மாற்றம் நடக்கிறதோ அதே மாற்றம் அங்கேயும் நடக்கிறது.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை, இது என் இப்போதைய தொழில் என்பதால். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இருநூறு வருடமாக வாசனை பழகும் பள்ளிக்கூடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முடிந்தால் பயணத்துக்கு முந்தைய ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஏதாவது தோட்டத்தில் காபி ருசி பார்க்கக் கேளுங்கள். ஒரு கரண்டி காபியைச் சர்ரென்று உறிஞ்சுவோம், நாக்கு முழுக்கப் பரப்புவோம், துப்பிவிடுவோம். பீரில் மட்டும் கடைசிப் பழக்கம் மாறும். விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியே மூச்சு விட்டால்தான் ஹாப்ஸின் வாசமும் கசப்பின் நீளமும் முழுதாகத் தெரியும். அதனால் துப்ப வேண்டாம். ஆனால் மடக்கு சிறியதாக இருக்கட்டும்.

கசப்புக்குப் பயிற்சி தேவையா என்று கேட்பீர்கள். நம் நாக்கு சுண்டைக்காய் வற்றலுக்கும் வேப்பம்பூ ரசத்துக்கும் பழகியது, பயமில்லை. ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு தூக்கலான பீர் வந்ததும் பலர் முகம் சுளிப்பது கசப்பை இனிப்பின் எதிரியாக நினைப்பதால். பாகற்காய்க் குழம்பில் வெல்லம் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். நல்ல ஐபிஏவில் மால்ட்டின் இனிப்பு அப்படி அடியில் நிற்கும். அது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாமல் கசப்பு மட்டும் தொண்டையைச் சொரிந்தால், அது சரியாக அமையாத பீர்.

இனி மேசைக்குப் போவோம். உட்கார்ந்ததும் முழு கிளாஸ் எதையும் சொல்லாதீர்கள். சாம்ப்ளர் கேளுங்கள். பலகையிலோ தட்டிலோ ஐந்தாறு சின்ன கிளாஸ்களில் அன்று இருக்கும் வகைகளைக் கொண்டுவருவார்கள். கிளாஸுக்கு 100 மில்லி என்று வைத்தால் ஆறுக்கு 600 மில்லி. 5 சதவீத பீரானால் அதில் சுமார் 24 கிராம் ஆல்கஹால். கடையில் வாங்கும் 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றில் 41 கிராம் இருக்கிறது. ஆறு வகை ருசித்தும் ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை விடக் குறைவாகவே உள்ளே போயிருக்கும். நான்கு பேருக்கு இரண்டு சாம்ப்ளர் போதும், பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே கிளாஸை இரண்டு பேர் ருசித்து, ஒருவருக்கொருவர் சொல்வதற்கு முன் தனித்தனியாகத் தாளில் இரண்டு சொல் எழுதுங்கள். இதை மட்டும் தவற விடாதீர்கள். ஒருவர் "வாழைப்பழம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் மற்ற மூன்று பேருக்கும் வாழைப்பழம்தான் தெரியும்.

வரிசை வெளுப்பிலிருந்து கறுப்புக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கசப்பின் வரிசையைத்தான் நம்புகிறேன். லாகர், விட்பியர், ஹெஃபவைசன், பிறகு ஸ்டவுட், கடைசியில் ஐபிஏ. ஐபிஏ குடித்த வாயில் விட்பியரின் மல்லி வாசம் தேடினால் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் முதலில் வெளிச்சத்தில் பார்வை, பிறகு மோந்து பார்ப்பது, பிறகு சின்ன மடக்கு, இடையில் தண்ணீர். ஜில்லென்று வந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள். உறைகுளிரில் நாக்கு மரத்துப்போகும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி பொருந்தும், ஏல் வகைகளுக்கு 8 முதல் 12 வரை நல்லது. ஸ்டவுட்டைக் கடைசி வரை மேசையில் வைத்திருந்து மறுபடி ருசியுங்கள். சூடு ஏற ஏற காபியும் கருப்பட்டியும் போன்ற வாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புவது தெரியும்.

நுரையைக் கவனியுங்கள். சுத்தமான கிளாஸில், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இறங்கும். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடும், உள்ளே பக்கவாட்டில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி வந்தால் வேறு கிளாஸ் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பஜ்ஜி தின்ற உதட்டோடு குடித்தாலும் நுரை சாகும். அது அவர்கள் குற்றமில்லை.

குறைகளை அடையாளம் தெரிந்துகொள்வது நிறைகளைத் தெரிந்துகொள்வதை விட எளிது. கிளாஸில் பச்சை ஆப்பிள் வாசம் அடித்தால் பீர் இன்னும் இளசு, ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசம் கொதியில் வந்த கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை நிற பாட்டில் பீர் சில சமயம் முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் அடிப்பது, வெளிச்சம் பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைவதால். பழுப்பு பாட்டில் அதை நன்றாகத் தடுக்கும்.

இவற்றில் எனக்கு மறக்க முடியாதது நெய் வாசம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நீண்ட விடுமுறைக்கு லாகர் தீர்ந்துபோகும் என்ற அவசரத்தில், டேங்கை நான்கு நாள் முன்னதாகவே குளிர்வித்துவிட்டோம். நொதிக்கும்போது டயாசிட்டில் என்ற பொருள் உண்டாகும். கடைசியில் சூட்டை 16, 17 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்றுவிடும். அந்த மூன்று நாளைத்தான் நாங்கள் கொடுக்கவில்லை. திறந்ததும் தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசம், நாக்கில் வழவழப்பு. வாடிக்கையாளர்கள் சிலர் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். எங்கள் ப்ரூவர் இரண்டாம் நாள் காலை ஒரு மடக்கு குடித்தார், பேசாமல் போய் அடி வால்வைத் திறந்துவிட்டார். அரை டன் பீர் சாக்கடையில் போகிற சத்தத்தை நின்று கேட்டோம். அதற்குப் பிறகு என் கண் தெர்மாமீட்டரை விட்டு விலகியதில்லை. நீங்களும் கண்ணாடிக்குப் பின்னால் டேங்குகள் தெரியும் மேசையாகக் கேட்டு உட்காருங்கள், கூட்டம் இல்லாத நேரமானால் ப்ரூவரிடம் இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். "எதில் நெய் வாசம் வராமல் பார்த்துக்கொள்வது சிரமம்?" என்று கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். செக் நாட்டின் பில்சென் நகரத்துத் தண்ணீர் மிகவும் மென்மையானது. 1842-ல் அங்கே பிறந்த வெளிர் லாகர் இன்று உலகமெல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துத் தண்ணீர் ஜிப்சம் நிறைந்த கடினத் தண்ணீர், அது ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும், அங்கே பேல் ஏல் வளர்ந்தது. பருப்பு வேகாத போர் தண்ணீரோடு மல்லுக்கட்டும் சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று, சேலத்துக்காரர் என்பதற்காகவே சொல்கிறேன். பெரிய கம்பெனி பீர்களில் பார்லியோடு அரிசியோ சோளமோ சேர்ப்பது வழக்கம். இந்திராநகர் 100 அடி சாலையில் இருக்கும் டாய்ட் ப்ரூவரி பாஸ்மதி அரிசி சேர்த்தே ஒரு பீர் காய்ச்சுகிறது. ஜவ்வரிசிக்காக நாம் விளைவிக்கும் மரவள்ளிக் கிழங்கிலும் பீர் வருகிறது. மொசாம்பிக்கில் 2011 முதல் இம்பாலா என்ற பெயரில் விற்கிறார்கள். நம் ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்கில் அப்படி ஒன்று காய்ச்சினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சாப்பாடு: வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். ஆனால் ருசி பார்க்கும் ஒரு மணி நேரம் காரம் வேண்டாம். தட்டுவடை செட்டின் பச்சை மிளகாய்ச் சட்னி நாக்கில் இருக்கும்போது ஹெஃபவைசனின் கிராம்பு வாசம் உங்களுக்கு எட்டாது. முன்னதாகத் தயிர்சாதமோ ரொட்டியோ முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள். இடையில் உப்பு குறைந்த பிஸ்கட் அல்லது பன். சாம்ப்ளர் முடிந்து, பிடித்த ஒன்றை முழு கிளாஸாக வாங்கும்போது காரசாரமாகச் சாப்பிடுங்கள். வறுத்த கோழிக்கு லாகரும், மீனுக்கு விட்பியரும், சாக்லேட் கேக்குக்கு ஸ்டவுட்டும் என் தேர்வு.

இனிப் பயணம். சேலம், ஓமலூர், தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் கவிழ்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அந்த இறக்கம் ராத்திரியில், களைப்பில், நம் பக்கம் வரும். ராத்திரி தங்குங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான். சட்டமும் கடுமை: 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஒரு முழு பாட்டிலே பலரை அந்த எல்லைக்கு மேல் கொண்டுபோய்விடும்.

என் யோசனை, காரையே எடுக்காதீர்கள். 2023 இறுதியில் தொடங்கிய கோயம்புத்தூர் பெங்களூர் வந்தே பாரத் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக பெங்களூர் கண்டோன்மென்ட் ரயில் நிலையம் போகிறது. நேரம் மாறிக்கொண்டிருப்பதால் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தானால் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி உண்டு. ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ அங்கிருந்தே கிளம்புகிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு மணி நேரம் வீணாகாது. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடம், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் மாறினால் இந்திராநகர், எம்.ஜி. ரோடு, ஒயிட்ஃபீல்டு எல்லாமே எட்டும். தங்கும் அறையை நடக்கும் தூரத்தில் போடுங்கள்.

வெள்ளி, சனி இரவு வேண்டாம். பாட்டுச் சத்தத்தில் மூக்கு கூட வேலை செய்யாது. செவ்வாய், புதன் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால் பணியாளர்களுக்கும் பேச நேரம் இருக்கும். அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாட்களையும், தேர்தல் நேரமானால் வாக்குப்பதிவை ஒட்டிய 48 மணி நேரத்தையும் தவிருங்கள். நான்கு பேரும் அடையாள அட்டை வைத்திருங்கள். ஒரு நாளில் ஒரு ப்ரூவரி மட்டும். இரண்டாவது இடத்துக்குப் போகும்போது நாக்கு ஓய்ந்திருக்கும், அங்கே கொடுக்கும் காசு வீண். மறுநாள் மதியம் ரயிலுக்கு முன் நேரம் இருந்தால் வேறோர் இடத்தில் லாகரையும் ஸ்டவுட்டையும் மட்டும் ருசித்து, முந்தைய நாள் தாளோடு ஒப்பிடுங்கள்.

திரும்பும்போது பீர் எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள். மாநில எல்லையில் சட்டச் சிக்கல். தவிர, வடிகட்டாமல், சூடுபடுத்தாமல் ஊற்றும் அந்த பீர் குளிர் விட்டதும் ருசி மாறத் தொடங்கிவிடும். ஓசூர் தாண்டுவதற்குள் நீங்கள் ருசித்த பீராக அது இருக்காது. அந்தத் தாள்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். உங்களில் யாராவது ஒருவர் தன் தாளில் "நெய்" என்று எழுதியிருந்தால் எந்த பீருக்கு என்று எனக்கு எழுதுங்கள், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.